சேற்று மலையில் ஒரு பகல்

மலையேறித் திரும்பியவரிடம், "மேலே என்ன கண்டீர்கள்?" என்று கேட்பது உலக வழக்கம். "மூடுபனியைத் தவிர ஒன்றையும் காணவில்லை" என்று விடையளித்தால் கேட்டவர் ஏமாற்றமடைவார். ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதியில் உள்ள கிளிப்ரெக் என்னும் மலைமீது சில ஆண்டுகளுக்குமுன் ஏறி இறங்கிய நாமும் அந்த விடையையே அளிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். சிகரத்தில் நாம் ஒன்றும் காணவில்லை. ஆயினும் அப்பகலில் கற்றுக்கொண்டவை பல. கற்பித்தது சிகரம் அன்று. காலடியில் கிடந்த சேறு.

கோடை விடுமுறையில் செல்லும் ஒரு பங்குக் குருவுக்குப் பதிலாக ஒரு மாதம் பணியாற்ற நாம் அங்கு அழைக்கப்பட்டிருந்தோம். வாரநாள் ஒன்றில் ஓய்வு கிடைத்தபோது, அப்பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர், "மலைக்குப் போகலாமா, ஃபாதர்?" என்று கேட்டார். பென் நெவிஸ் போன்ற புகழ்பெற்ற சிகரங்களில் கோடையில் திருவிழாக் கூட்டம் கூடும் என்றும், தாம் அழைத்துச் செல்லும் மலையில் மனித முகத்தையே காண்பது அரிது என்றும் அவர் கூறினார். அமைதியை நாடிய நாம் உடனே இசைந்தோம். சேற்றைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வடகோடியின் தனிமலை

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாட்டை ஹைலண்ட்ஸ் என்பர். அதன் வடபகுதியில் சதர்லாந்து என்னும் பரந்த நிலப்பகுதி உள்ளது. அங்கே, பழுப்புநிற வெளியின் நடுவே, நீண்ட முதுகுடைய விலங்கொன்று படுத்திருப்பதுபோல் தோன்றுவதே கிளிப்ரெக் மலை. உயரம் 962 மீட்டர். அதன் சிகரத்துக்கு அப்பகுதியின் பழமொழியாகிய கேலிக் மொழியில் 'மியல் நான் கோன்' என்று பெயர். நாய்களின் குன்று என்பது பொருள்.

அந்நாட்டில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைச் சர் ஹியூ மன்றோ என்பவர் 1891-ஆம் ஆண்டு பட்டியலிட்டு வெளியிட்டார். சென்னையில் குதிரைமீது சிலையாக வீற்றிருக்கும் ஆளுநர் மன்றோ வேறு, இவர் வேறு. இன்று அப்பட்டியலில் 282 மலைகள் உள்ளன. அவற்றை 'மன்றோ' என்றே அழைக்கின்றனர். அனைத்தையும் முதன்முதலில், 1901-இல், ஏறி முடித்தவராகக் கூறப்படும் ஏ. ஈ. ராபர்ட்சன் ஒரு போதகர். வடகோடியிலிருந்து எண்ணினால் கிளிப்ரெக் இப்பட்டியலில் இரண்டாவது மலை.

லேர்க் என்னும் சிற்றூரிலிருந்து வடக்கே ஒற்றை வண்டி மட்டும் செல்லக்கூடிய சாலை போகிறது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தூரம் சென்றால் கிராஸ்க் என்ற வழிப்போக்கர் விடுதி. அதன் உரிமையாளர்கள் அண்மை ஆண்டுகளில் அதனை எபிஸ்கோபல் திருச்சபைக்குக் கொடையாக அளித்துவிட்டனர்; உணவும் படுக்கையும் தரும் அந்த வீட்டிலேயே வழிபாடும் நடைபெறுகிறது. இன்னும் வடக்கே ஆல்ட்னஹாரா என்னும் சிற்றூர். 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 27.2 டிகிரிக்கு இறங்கியது. பிரிட்டனில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர் அந்த அளவே ஆகும்.

நாம் சென்றதோ ஜூன் மாதம். அங்கே அம்மாதத்தில் பகல் ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் நீடிக்கும். ஆகவே இருட்டிவிடுமோ என்ற கவலை இல்லை. கவலை எல்லாம் 'மிட்ஜ்' என்னும் பொடிப்பூச்சியைப் பற்றியே. கொசுவினும் மிகச் சிறியதாகிய அது காற்றில்லாத வேளையில் கூட்டங்கூட்டமாக வந்து கடிக்கும். அன்று நல்ல காற்று வீசியது நம் பேறு.

நிறத்தைப் பார்த்து நட!

காலை ஒன்பது மணிக்குக் காரைச் சாலையோரம் நிறுத்தி இறங்கினோம். நண்பர் நம் காலணிக்கு மேல் முழங்கால்வரை உறை மாட்டிவிட்டார். மாற்றுக் காலுறை, மழைச்சட்டை, உணவு, நிலப்படம், திசைகாட்டி, ஊதல் ஆகியவற்றைச் சரிபார்த்தார். எந்த வழியாகச் செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

முதலில் ஓர் ஓடையைத் தாண்டினோம். அதற்கப்பால் மலையடிவாரம் வரை திறந்த வெளி. தூரத்திலிருந்து பார்க்கும்போது பசும்புல் தரையாகவே தோன்றிற்று. காலை வைத்த பிறகே அது தரையன்று, நீரைக் குடித்துக் குடித்து ஊறிய பஞ்சு என்பதை உணர்ந்தோம். ஒவ்வோர் அடிக்கும் நிலம் அசைந்தது.

"காலைப் பார்க்காதீர்கள், ஃபாதர், நிறத்தைப் பாருங்கள்" என்றார் நண்பர். ஒளிவிடும் இளம்பச்சையாகவோ செந்நிறமாகவோ மெத்தைபோல் பாசி படர்ந்திருந்தால் அதன்கீழ் நீர் ஆழம். வெண்பஞ்சுக் குஞ்சம் தாங்கிய கோரை நின்றால் அங்கும் ஈரம் மிகுதி. 'ஹெதர்' என்னும் கரும்பழுப்புப் புதர் வளர்ந்த இடம் உறுதியானது. இந்தப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே நடந்தோம். அப்பாசி மெத்தையில், இலைநுனிகளில் பனித்துளிபோல் பசை மின்னும் ஒரு செந்நிறச் சிறுசெடியைக் கண்டு நின்றோம். நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த அழுகண்ணியின் இனம் அது. சத்தில்லாத சேற்றில் வாழ்வதால், பூச்சிகளைப் பிடித்தே அது தன் உணவுக் குறையை நிரப்பிக்கொள்கிறது.

செடியைக் கண்ட மகிழ்ச்சியில் பாடத்தை மறந்தோம். அடுத்த அடி இளம்பச்சையில் விழுந்தது. வலக்கால் முழங்காலுக்கு மேல் உள்ளே போயிற்று. இழுக்க முயன்றால் மேலும் இறங்கியது. "இழுக்காதீர்கள்! கைத்தடியைக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் உடலைச் சாயுங்கள்" என்று நண்பர் கூவினார். அவ்வாறே செய்தோம். நெடுநேரம் போராடிய பின்னர் கால் வெளியே வந்தது. காலணிக்குள் கறுப்பு நீர் நிறைந்திருந்தது.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேறி நடைக்கு ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். போய்வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரமும் 800 மீட்டர் ஏற்றமும் கொண்ட நம் பயணம், இக்கணக்கின்படி நான்கு மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஏழு மணி நேரம் ஆயிற்று. நெய்ஸ்மித் சேற்றையும் கணக்கில் சேர்க்கவில்லை; நம் வயதையும் சேர்க்கவில்லை.

சேற்றைத் துடைத்துக்கொண்டே, எரிச்சலுடன் நாம் ஒரு சொல் சொன்னோம். "கண்ணுக்கெட்டிய தூரம் வரை இவ்வளவு நிலம் ஒன்றுக்கும் உதவாமல் வீணாகக் கிடக்கிறதே!"

நண்பர் உடனே மறுமொழி கூறவில்லை. சற்றுத் தூரம் நடந்தபின், "வீண் என்ற சொல்லை இந்நாடு இருமுறை கேட்டுவிட்டது, ஃபாதர், இருமுறையும் அதற்கு விலை கொடுத்தது" என்றார்.

சேறு என்னும் பெட்டகம்

மழைநீர் அரித்த ஒரு மேட்டின் ஓரத்தில் அமர்ந்தோம். அங்கே நிலத்தின் உட்புறம் வெட்டி வைத்தாற்போல் தெரிந்தது. மேலே ஒரு சாண் உயிருள்ள பாசியும் வேரும். அதன்கீழ் ஆளுயரத்துக்குக் கறுத்த மண். அது மண்ணன்று, பீட் என்றார் நண்பர். மக்காமல் தங்கிப்போன செடிகொடிகளின் குவியல் அது. நன்றாக உலர்த்தினால் விறகுபோல் எரியும். தலைமுறை தலைமுறையாக அங்குள்ள வீடுகளில் அடுப்பெரித்தது அதுவே.

இதனை உண்டாக்குவது ஸ்பாக்னம் என்னும் பாசி. அது தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை நீரைத் தாங்கவல்லது. சுற்றிலும் உள்ள நீரைப் புளிப்புத் தன்மையாக்கிவிடும். காற்றுப் புகாத அந்தப் புளித்த நீரில் அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் எளிதில் செயற்படுவதில்லை. எனவே மடிந்த செடி மக்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகப் படிந்து உயர்கிறது. நாம் அமர்ந்திருந்த அந்த ஆளுயரம் எத்தனை நூற்றாண்டுகளின் சேமிப்பு என்பதை வாசகரே கணக்கிடலாம்! முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இதே பாசியைச் சேகரித்து உலர்த்திப் போர்வீரர்களின் காயங்களுக்குக் கட்டினர்.

சதர்லாந்திலும் அதனை அடுத்த கெய்த்னஸிலும் பரந்துள்ள இச்சதுப்பு வெளியை ஃபுளோ கன்ட்ரி என்பர். பனியூழி முடிந்தபின், சுமார் 9,000 ஆண்டுகளாக அங்கே பீட் படிந்து வருகிறது. சில இடங்களில் ஆழம் பத்து மீட்டரை எட்டுகிறது. காற்றிலிருந்து செடிகள் உறிஞ்சிய கரி ஏறத்தாழ 40 கோடி டன் அங்கே அடங்கியிருப்பதாக அறிவியலார் மதிப்பிட்டுள்ளனர். வடிகால் வெட்டி அதனை உலரவிட்டால், அக்கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலந்து பூமியின் வெப்பத்தைப் பெருக்கும். நனைந்து கிடக்கும் வரையில்தான் அது பெட்டகம்.

மூடுபனிக்குள்

அடிவாரத்துச் சிறு ஏரியைக் கடந்ததும் செங்குத்தான புல்சரிவு தொடங்கியது. முகட்டை அடைந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் நண்பரின் உருவம் நிழலாகத் தெரிந்தது. அவர் நிலப்படத்தை விரித்தார். திசைகாட்டியை அதன்மேல் வைத்தார். அடிகளை எண்ணத் தொடங்கினார். "இரண்டு மணிக்குள் சிகரம் சேராவிட்டால், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று கண்டிப்புடன் கூறினார். மலையில் இறந்துபோகிறவர்களுள் பலர், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்ப மனமில்லாதவர்களே என்பது அவர் கருத்து. அவரைப் போன்றோர் அங்கே மலை மீட்புப் படைகளில் ஊதியமின்றிப் பணியாற்றுகின்றனர்.

ஒன்றரை மணிக்குக் கற்குவியலும், உடைந்து சிதைந்த நில அளவைத் தூணும் தெரிந்தன. அதுவே சிகரம். சுற்றிலும் வெண்மை, காற்றொலி தவிர வேறோர் ஒலி இல்லை. குளிர்ந்த ரொட்டியை உண்டுவிட்டுத் திரும்பினோம்.

இறங்கும் வழியில் மூடுபனி ஒரு பத்து நிமிடம் விலகியது. கீழே, வடக்கே, நேவர் என்னும் ஏரி சுமார் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. அதன் மறுகரையில், பழுப்பு வெளியின் நடுவே, பச்சைத் திட்டு ஒன்று தனித்துத் தெரிந்தது.

"அவ்விடத்தில் மட்டும் புல் ஏன் பசுமையாயிருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார் நண்பர். நமக்கு விளங்கவில்லை. "அங்கே மாடுகள் கட்டியிருந்தனர்; எருவிட்டு உழுதனர். தலைமுறை தலைமுறையாக இட்ட எருவைப் புல் இன்னும் மறக்கவில்லை. என் பாட்டியின் முன்னோர் பிறந்த கரை அது."

பச்சைத் திட்டுகளின் கதை

அத்திட்டின் பெயர் கிரம்மோர். நேவர் ஏரியிலிருந்து கடல்வரை செல்லும் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்நேவர் எனப்படும். கேலிக் மொழி பேசிய மக்கள் அங்கே சிற்றூர்களாக வாழ்ந்தனர், மாடு வளர்த்தனர், ஓட்ஸும் பார்லியும் விதைத்தனர். நிலமெல்லாம் சதர்லாந்து சீமாட்டிக்கும் அவருடைய கணவருக்கும் உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்களிடமிருந்து கிடைக்கும் குத்தகையைவிட ஆட்டுக்கிடைகளால் வரும் வருவாய் பெரிது என்று கணக்கிட்டனர். இம்மக்களாலும் இவர்கள் உழவாலும் நிலம் வீணாகிறது என்று தீர்ப்பாயிற்று.

1814-இலும், மேலும் பெரிய அளவில் 1819-இலும் ஊர்கள் காலி செய்யப்பட்டன. மீண்டும் குடியேறாதபடி கூரைமரங்களைத் தீயிட்டனர். பண்ணை அதிகாரியாயிருந்த பாட்ரிக் செல்லர்மீது 1816-இல் வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ரோசல் என்னும் ஊரைச் சேர்ந்த கல்தச்சர் டொனால்டு மக்லியோடு, ஓர் இரவு மேட்டின்மீது ஏறி எரியும் வீடுகளை எண்ணியதாகவும், அவை 250 எனக் கண்டதாகவும் பின்னாளில் எழுதினார். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கடற்கரையோரம் பாறை நிலத்தில் சிறுசிறு துண்டுகள் தரப்பட்டன. கடலையே அறியாத உழவர் மீன்பிடிக்கக் கற்றனர். பலர் கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றனர். நாம் தேடி வந்த 'அமைதி' இயற்கை தந்ததன்று; மனிதர் உண்டாக்கியது.

குருவாகிய நம்மை உறுத்திய செய்தி இன்னொன்றும் உண்டு. அக்காலத்துப் போதகர்களுள் பெரும்பாலோர் நிலவுடைமையாளருக்கு எதிராக வாய் திறக்கவில்லை. மக்களின் துன்பம் அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிரசங்கித்தவர்களும் உண்டு என மக்லியோடு குற்றம் சாட்டுகிறார். ஆயினும் எல்லாரும் அவ்வாறில்லை. அப்பள்ளத்தாக்கில் ஊழியம் செய்த டொனால்டு சேஜ் என்னும் இளம் போதகர், 1819-இல் ஆற்றோரப் புல்தரையில் தம் மக்களுக்குக் கடைசிப் பிரசங்கம் நிகழ்த்தினார். இடையிலேயே அவருக்குக் குரல் எழவில்லை. கேட்டிருந்தவர்களும் அவரும் வாய்விட்டு அழுதனர். அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்புகள், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப்பின், 1889-இல் நூலாக வெளிவந்தன. அந்த அழுகையை நாம் இன்று அறிவது அதனாலேயே.

இரண்டாம் முறை

மனிதரை வீண் என்றவர்கள் போயினர். அடுத்துச் சேற்றை வீண் என்றவர்கள் வந்தனர். 1980-களில், காடு வளர்ப்போருக்கு அரசு அளித்த வரிச்சலுகையை நாடி, தொலைவில் வாழும் செல்வந்தர்கள் ஃபுளோ கன்ட்ரியில் முதலீடு செய்தனர். ஆழ உழுது, வடிகால் வெட்டி, அந்நிலத்துக்கு அயலான ஸ்புரூஸ், பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டனர். பீட் உலரத் தொடங்கியது, சதுப்பில் கூடு கட்டும் பறவைகள் விலகின, மரங்களும் செழிக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. 1988-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது.

இன்று அங்கே நடைபெறும் வேலை விந்தையானது. நட்ட மரங்களை வெட்டுகிறார்கள். வெட்டிய வடிகால்களை அடைக்கிறார்கள். நீர் மீண்டும் தேங்கும்படி செய்கிறார்கள். 1995 முதல் ஃபோர்சினார்டு என்னுமிடத்தில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பெரும்பரப்பை வாங்கிப் பேணி வருகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ நிறுவனம் ஃபுளோ கன்ட்ரியை உலக மரபுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. சேற்றை இருந்த இடத்தில் இருந்தபடியே விடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பேருதவி என்பதைக் கற்க அறிஞருக்கும் இத்தனை காலம் ஆயிற்று.

ஆனால் சேற்றை மீட்பதுபோல் ஊரை மீட்க இயலுமா? வடிகாலை அடைத்தால் பாசி திரும்பும். கிரம்மோரின் அடுப்புகள் மீண்டும் எரியப்போவதில்லை. பெட்டிஹில் என்னும் கடற்கரை ஊரில், பழைய பங்குக் கோயிலொன்றை அருங்காட்சியகமாக்கி அம்மக்களின் நினைவைக் காத்து வருகிறார்கள். எஞ்சியிருப்பது அந்நினைவும், ஏரிக்கரையின் பச்சைப் புல்லுமே.

செல்வோர்க்குச் சில சொற்கள்

நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரிட்டனில் படிக்கின்றனர், பணியாற்றுகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உண்டு. ஆகவே இதனையும் சொல்லி வைக்கிறோம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், மலைகளிலும் வெளிகளிலும் பொறுப்புடன் நடந்து செல்லும் உரிமையை அனைவருக்கும் அளித்துள்ளது. பொறுப்பு என்பது, வாயில்களைக் கண்ட நிலையிலேயே விட்டுச் செல்வது, கோடையின் தொடக்கத்தில் தரையில் கூடு கட்டும் பறவைகளைக் கலைக்காதிருப்பது, மான் வேட்டைப் பருவத்தில் அறிவிப்புகளை மதிப்பது, நெருப்பு மூட்டாதிருப்பது. திசைகாட்டியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் தெரிந்த துணையின்றிச் செல்லலாகாது. இடிந்த சுவர்களைக் கண்டால், அவை யாரோ ஒருவர் பிறந்த வீடு என்பதை நினைவிற்கொண்டு கடந்து செல்க.

மாலை நான்கு மணிக்குச் சாலையை அடைந்தோம். நண்பர் சூடான தேநீரை ஊற்றிக் கொடுத்தார். வீண் என்று காலையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நாம் அவரிடம் கூறினோம். அவர் சிரித்தார். "நானும் சிறுவயதில் அப்படித்தான் சொன்னேன், ஃபாதர். பாட்டி கன்னத்தில் ஓர் அறை வைத்தாள்" என்றார்.

அன்பு வாசகர்களே! வீட்டில் ஒரு முதியவரை, வகுப்பில் மந்தமான ஒரு பிள்ளையை, ஊர்ப்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை, 'ஒன்றுக்கும் உதவாது' என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல் வாயில் வரும்போது ஒரு நிமிடம் பொறுப்போம். நாம் பொறுக்கக் கற்றது, முழங்காலளவு சேற்றில் சிக்கிய பிறகுதான்.